இடம்: கடல்

சித்திரையில் பெய்த அந்த அரை மணி நேர மழையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. மழை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது பெய்ய வேண்டியது, பெய்தது. முன்கூட்டியே சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் விட்டவர்கள் நாங்கள். நாங்கள் என்றால், சென்னையில் ஆறாவது மாடியில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் கம்பெனியும், மரக்காணத்தில் மாடி அறையில் ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கும் நானும்.

கம்பெனி செய்வது ஒரு மொபைல் ஆப். கடலோரத்து ஜனங்களுக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பும். ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் ஒப்படைத்த வேலை அது. போன் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை ஆப் தானாகவே பார்த்துக்கொள்ளும். தரையில் இருப்பவர்களுக்கு மழை, இடி, வெயில் பற்றிச் சொல்லும். கடலில் இருப்பவர்களுக்குக் காற்று, அலை பற்றிச் சொல்லும். வீட்டில் இருக்கிறவளுக்கு அலை உயரம் எதற்கு, படகில் இருக்கிறவனுக்கு மொட்டைமாடியில் துணி நனைவது எதற்கு என்று இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆப்பில் ஏதாவது கோளாறு என்றால் அதிலேயே ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். அழுத்திப் பேசினால் போதும். பேசியது எழுத்தாக மாறி எங்கள் டிராக்கரில் வந்து விழும். டிராக்கர் என்றால் பெரிய பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பர் உண்டு. பேசியவரின் பெயர் வராது, போன் நம்பர் வராது. ‘இடம்: தரை’ அல்லது ‘இடம்: கடல்’ என்று ஒரு வரி மட்டும் மேலே இருக்கும். அதைப் படித்து, இன்ன வகை என்று பிரித்து, லேபிள் ஒட்டி, யார் தலையில் கட்ட வேண்டுமோ அவர் தலையில் கட்டுவது என் வேலை. கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. “எம்சிஏ படிச்சிட்டு ஸ்டிக்கர் ஒட்டுற வேலையா பாக்கற?” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் கிளியனூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஜூன் மாதம் முழுக்கப் பிள்ளைகளை நோட்டுக்கு அட்டை போட வைத்து, அதன் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டச் சொல்கிறவர் என்னைச் சொல்கிறார்.

லேபிள்களிலேயே எங்கள் ஆபீசுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ‘யூசர் எரர்’. அதாவது, ஆப் சரியாகத்தான் இருக்கிறது, பயன்படுத்துகிறவருக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை. இதை ஒட்டிவிட்டால் எந்த இன்ஜினியருக்கும் வேலை கிடையாது, யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டாம், புகார் அந்த நிமிஷமே மூடிக்கொள்ளும். திங்கட்கிழமை மீட்டிங்கில், இன்னும் மூடாமல் கிடக்கும் புகார்கள் எத்தனை என்று திரையில் பெரிய எழுத்தில் போடுவார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் டீம் லீட் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. “சூப்பர்ங்க, லிஸ்ட் க்ளீனா இருக்கு” என்பார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னைப் போல வேகமாகப் பட்டியலைக் காலி செய்ய இன்னொரு ஆள் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. வெட்கங்கெட்ட பெருமை.

மாசி, பங்குனியில் ஒரே மாதிரி புகார்கள் வர ஆரம்பித்தன. ‘என்னாண்ட போட்டே இல்ல, எதுக்குக் கடலுக்குப் போவாதன்னு மெசேஜ் வருது?’ என்று ஒன்று. ‘தூறல் போட்டுட்டுப் போயிடுச்சி, ஒரு மெசேஜும் வரல’ என்று ஒன்று. ‘அல ஒசரம் சொல்றீங்களே, எனக்கு எதுக்குங்க அது?’ என்று இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வரியைப் பார்த்தேன். இடம்: கடல். சரிதானே, கடலில் இருப்பவருக்குக் கடல் செய்திதான் வரும், மழைச் செய்தி வராது, இதில் என்ன கோளாறு? எவனோ படகில் உட்கார்ந்துகொண்டு படகு இல்லை என்கிறான், வேலை வெட்டி இல்லாமல் பட்டனை அழுத்தியிருப்பான் என்று நினைத்தேன். யூசர் எரர். அடுத்தது. யூசர் எரர். அடுத்தது. உலை கொதிப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விடுவேன்.

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் இங்கே உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கூலிக்குப் போகாமல், உடன் வேலை செய்யும் இரண்டு பெண்களோடு சேர்ந்து நான்கு பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தாங்களே தண்ணீர் பாய்ச்சி, தாங்களே பலகை போட்டு இழுத்து, தாங்களே வாரிய உப்பு. அதை அம்பாரமாகக் குவித்து வரப்பின் மேல் வைத்திருந்தார்கள். லாரி வரும்வரை அது அங்கேதான் கிடக்க வேண்டும். மழை வரப்போகிறது என்று ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தால் போதும். மூன்று பேருமாகத் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களுக்கு மண் அணைத்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தை மாதத்தில் நானே அவர் போனை வாங்கி எங்கள் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். “மழ வர்றதுக்கு முன்னாடியே இது கத்தும் பாருங்க அண்ணி. நாங்க செஞ்சது” என்று பீற்றிக்கொண்டேன். நாங்களாம்.

அந்த மழை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. ஒன்பதரைக்கே என் போன் கத்திவிட்டது. மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயை வாரி உள்ளே வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துச் சொன்ன மாதிரியே சடசடவென்று அடித்ததும் எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோனது. எவ்வளவு சரியாகச் சொல்லுகிறது நம் ஆப் என்று ஜன்னலோரம் நின்று ரசித்தேன். அண்ணிக்குப் போன் பண்ண வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் கையிலும் அதே ஆப்தானே இருக்கிறது என்ற எண்ணம்.

பன்னிரண்டு மணி வாக்கில் அண்ணி வீட்டுக்கு வந்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்திருந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

“இன்னா பொண்ணு, உம் போன்ல மழன்னு வந்துச்சா?”

“வந்துச்சே அண்ணி. ஒம்பதரைக்கே வந்துச்சி. உங்களுக்கு வரலியா?”

அவர் போனை நீட்டினார். திரையில் எங்கள் கம்பெனியின் அழகான நீலப் பெட்டி. ‘அலை உயரம் ஒரு மீட்டர். காற்று மிதமானது. பாதுகாப்பாகக் கரை திரும்புங்கள்.’

“எங்க திரும்பச் சொல்றீங்க?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“பாதி கரஞ்சி ஓடிட்டுது. மீதி மேல சேறடிச்சிக் கெடக்குது. பாத்தி பூரா மழத்தண்ணி. இன்னும் பதினஞ்சி நாளைக்கு உப்பு வார முடியாது.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, அழவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, ஈரப் புடவையோடு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மதியம் லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். ஈசிஆர் ரோட்டில் நின்று ஆப்பைத் திறந்தேன். இடம்: தரை. ரோட்டை விட்டு இறங்கி வரப்பு மேல் இருநூறு அடி நடந்தேன். இடம்: கடல். என் செருப்பெல்லாம் சேறு. கடலோ கிழக்கே எங்கேயோ கிடக்கிறது, அலைச் சத்தம்கூட அங்கே கேட்காது. மறுபடி ரோட்டுக்கு வந்தேன், தரை. மறுபடி இறங்கினேன், கடல். பைத்தியக்காரி மாதிரி நாலு தடவை ஏறி இறங்கினேன். அப்புறம் ஆப்பின் மேப்பைத் திறந்து பார்த்தால், எங்கள் ஊர் உப்பளம் முழுக்க, ஒரு வரப்புக்கூட விடாமல், நீல நிறம். சாட்டிலைட் படத்தை வைத்து வரைந்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த படமாக இருக்க வேண்டும். அந்த மாதங்களில் உப்பளம் மூழ்கித்தான் கிடக்கும், ஈ காக்காய் இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்து எவனோ ஒரு மகராசன் இது தண்ணீர் என்று நீலத்தைக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். அதன் பிறகு அங்கே கால் வைத்த அத்தனை பேரும் எங்கள் கணக்கில் கடலில் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து டிராக்கரைத் திறந்தேன். இடம் கடல், லேபிள் யூசர் எரர், இரண்டும் இருக்கிற புகார்களை மட்டும் வடிகட்டி எடுத்தேன். மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே புதைந்து கிடந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மேப்பில் போட்டுப் பார்த்தேன். பதினாலும் உப்பளம். மூடியவர் என்ற இடத்தில் பதினாலிலும் என் பெயர். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்தபோது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

புகாரோடு அவர்கள் பேசிய குரலும் இருக்கும். நான் அதையெல்லாம் போட்டுக் கேட்பதே இல்லை, எழுத்து இருக்கும்போது குரல் எதற்கு என்ற திமிர். அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஐந்தாவது குரல் அண்ணியுடையது.

“ஏம்பா, யாருப்பா கேக்கறது? நான் கடல்ல இல்லப்பா. உப்பளத்துல இருக்கறேன். அல கிலல்லாம் எனக்கு வாணாம். மழ வந்தா மட்டும் சொல்லுங்க, புண்ணியமாப் போவும்.”

அதில் என்ன இல்லை? எல்லாம் இருக்கிறது. எங்கே இருக்கிறார், என்ன வேண்டும், என்ன வேண்டாம், எல்லாவற்றையும் நாலு வரியில் சொல்லியிருக்கிறார். எங்கள் இன்ஜினியர்கள் ஒரு பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாக எழுத மாட்டார்கள். எழுத்திலும் அப்படியே வந்திருந்தது. நான்தான் ‘நான் கடல்ல இல்லப்பா’ என்ற வரியைப் படித்து, மேலே ‘இடம்: கடல்’ என்று பார்த்து, சிரித்துக்கொண்டே மூடியிருக்கிறேன். அடுத்த வரியில் உப்பளம் என்ற வார்த்தை இருக்கிறது. இந்த ஊரிலேயே குடியிருக்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தையைப் படிக்கப் பொறுமை இல்லை. மூடியதும் டிராக்கர் தானாகவே அவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தது. ‘உங்கள் புகார் கவனமாக ஆராயப்பட்டது. ஆப் சரியாக இயங்குகிறது. காரணம்: பயன்படுத்துபவரின் தவறு.’ கவனமாக ஆராயப்பட்டதாம்! இது நடந்து மூன்று வாரம் கழித்துத்தான் மழை. அன்றைக்கே நான் ஒழுங்காகப் படித்திருந்தால் உப்பு மிஞ்சியிருக்கும்.

அண்ணியிடம் அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் கோளாறைச் சரி செய்துவிட்டு அப்புறம் அவர் முகத்தில் விழிக்கலாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். இன்னொரு மழை வந்தால் மிச்சமிருக்கிற அம்பாரமும் போய்விடும், அதற்குள் சரியாக வேண்டும் என்ற பயமும் இருந்தது.

பதினாலு புகார்களையும் ஒன்றாகக் கோத்து ஒரு புதுப் புகார் திறந்து, அதன் மேல் ‘பக்’ என்று ஒரு லேபிள், ‘அவசரம்’ என்று இன்னொரு லேபிள் ஒட்டினேன். பக் என்றால் தப்பு எங்கள் பக்கம் என்று அர்த்தம். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டையும் காணோம். அந்த இடத்தில் ‘எட்ஜ் கேஸ்’ என்று ஒட்டியிருந்தது. எங்கேயோ ஓரத்தில், எப்போதோ ஒருத்தருக்கு நடப்பது, கவலைப்பட வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். ஒட்டியவர் டீம் லீட். உடனே போன் போட்டேன்.

“சாட்டிலைட் மேப்ல அது வாட்டர்தாங்க. நம்ம டேட்டா கரெக்ட்” என்றார்.

“அது உப்பளங்க.”

“தெரியும்ங்க. பாண்டி போறப்ப பாத்திருக்கேன். வைட்டா குவிச்சி வெச்சிருப்பாங்கல்ல, செம்ம சீனரி. ஆனா உப்பளம்னா தண்ணிதானே இருக்கும்? வாட்டர்னு காட்றதுல என்ன தப்பு?”

“தண்ணி கணுக்கால் அளவுதாங்க இருக்கும். அதுல யாரும் படகு விடறதில்ல.”

“நீங்க அந்த ஊருங்கறதால எமோஷனலா எடுத்துக்கறீங்க.”

எமோஷனலாம்! சேற்றில் நின்று நாலு தடவை ஏறி இறங்கிச் சோதித்துப் பார்த்தவள் எமோஷனல். போகிற போக்கில் கார் கண்ணாடி வழியாகச் சீனரி பார்த்தவர் டேட்டா. போனை வைத்துவிட்டு மறுபடி ‘பக்’, ‘அவசரம்’ என்று ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி ‘எட்ஜ் கேஸ்’. நான் விடுவேனா? மறுபடி மாற்றினேன். குழாயடியில் ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்தி வைக்கிற மாதிரி இரண்டு நாள் மாற்றி மாற்றி ஒட்டினோம். வெள்ளிக்கிழமை அவர் புகாருக்குக் கீழே ஒரு தீர்வே எழுதிவிட்டார். ‘உப்பளத்துக்குச் செல்லும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லும்படி பயனர்களிடம் சொல்லவும். இடம் தரை என்று சரியாகக் காட்டும்.’

மூன்று தடவை படித்தேன். நம்ப முடியாமல் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“சரியாத்தான சொல்லியிருக்காரு. போனு வீட்ல கெடந்து கத்தும். உப்பு அங்கேர்ந்து கேட்டுட்டு, தானே எழுந்து தார்ப்பாயப் போத்திக்கும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தீர்வுக்குக் கீழேயே டீம் லீட் இன்னொரு லேபிளும் ஒட்டியிருந்தார், ‘தகவல் தேவை’ என்று. புகார் செய்தவர்கள் ஏழு நாளுக்குள் ஒரு படிவத்தை நிரப்பிப் பதில் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் புகார் தானாக மூடிக்கொள்ளும். படிவம் முழுக்க இங்கிலீஷ். உங்கள் போன் என்ன மாடல், அதில் எத்தனையாவது வெர்ஷன், எந்த நேர மண்டலம் என்று கேட்டிருந்தது. விடியற்காலை நாலரைக்குப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற பெண்களை நேர மண்டலம் கேட்கிறார்கள். பதில் வராது என்று அவருக்கும் தெரியும். அதற்காகத்தான் அந்த லேபிள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி மீட்டிங்குக்கு நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேராக உப்பளத்துக்குப் போனேன். மழைத்தண்ணீரை வடித்துவிட்டு வரப்புகளைச் சரிசெய்து கொண்டிருந்தவர்கள், அப்போதுதான் கரையேறிச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒரு பக்கம் இருந்தார்கள். அவர்களிடம், என் ஆபீஸ்காரர்களிடம் இந்த இடத்தைக் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மீட்டிங்கில் சேர்ந்தேன்.

“எங்க இருக்கீங்க? பின்னாடி ரொம்ப வெளிச்சமா இருக்கு” என்றார் டீம் லீட்.

“கடல்ல இருக்கறேங்க.”

“என்னது?”

“நம்ம ஆப்பு அப்படித்தாங்க சொல்லுது. பாருங்க, முழுகல.” போனைத் திருப்பி என் காலைக் காட்டினேன். பாதியாய்க் கரைந்து கிடந்த அம்பாரத்தைக் காட்டினேன். தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த பெண்களைக் காட்டினேன். “இவங்களும் கடல்லதான் இருக்காங்க. காலைல நாலரைலேர்ந்து நடுக்கடல்ல வேல செஞ்சிட்டு, இப்ப சோறு துன்றாங்க.”

அண்ணியின் கூட்டாளி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “யாரும்மா அது? நம்மளக் கடல்ல தள்ளிவுட்டவரா?”

“இங்க வரச் சொல்லும்மா,” என்றாள் இன்னொருத்தி. “ஒரு நாளு வந்து பலகையப் புடிச்சி இழுக்கட்டும். நடக்கறாரா நீந்தறாரான்னு நாங்க பாத்துச் சொல்றோம்.”

மீட்டிங்கில் இருந்த பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். டீம் லீட்டும் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தார், வரவில்லை. அப்போது, மீட்டிங்கில் எப்போதும் வாயே திறக்காத ஒரு இன்ஜினியர் பேசினார். மேப் பகுதியைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

“இந்த ஏரியாவ மட்டும் தரைன்னு மாத்தினா போதுங்க. ஒரு மணி நேர வேலைதான்.”

“ஒரு மணி நேரமா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார் டீம் லீட்.

“யூசர் எரர்னு போட்டு மூடியிருந்துதுங்க. அதனால எங்கிட்ட வரவே இல்ல.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். யார் போட்டது என்று யாரும் கேட்கவும் இல்லை. அதுவரை டீம் லீட் மேல் பாய்ந்துகொண்டிருந்த நான் வீடியோவை அணைத்துவிட்டேன். அண்ணி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சரி செய்துவிட்டார்கள். ஒரு மணி நேர வேலையை முடிக்க இரண்டு நாள். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. புகாருக்கு டீம் லீட் கடைசியாக ஒட்டியிருந்த லேபிள் என்ன தெரியுமா? ‘புது வசதி’. ‘உப்பளத் தொழிலாளர்களுக்காகச் சிறப்பு வசதி அறிமுகம்’ என்று மெயிலில் தலைப்பு, கீழே கை தட்டுகிற படங்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. இவர்களே குழி தோண்டி, இவர்களே தள்ளிவிட்டு, அப்புறம் கை கொடுத்துத் தூக்கியதற்குப் பெயர் வசதியாம்! எல்லாருக்கும் போகிற மாதிரி ஒரே ஒரு வரி பதில் எழுதினேன். ‘இது வசதி இல்லை, நம் தவறு. முதலில் தவறு செய்தவள் நான்.’ அதற்கு யாரும் பதில் போடவில்லை. கை தட்டவும் இல்லை.

அதன் பிறகு உட்கார்ந்து, பழைய பதினாலு புகார்களிலிருந்தும் ‘யூசர் எரர்’ லேபிளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ‘பக்’ என்று ஒட்டினேன். ஒட்டி என்ன பிரயோஜனம்? தவறு உங்களுடையது என்று சொல்லத் தானாகப் போகிற செய்தி இருக்கிறது. தவறு எங்களுடையது, மன்னியுங்கள் என்று சொல்ல டிராக்கரில் ஒரு செய்தியும் இல்லை. ஒவ்வொரு மெனுவாகத் திறந்து தேடிப் பார்த்தேன். டிராக்கரைக் கட்டிய ஆளுக்கு அப்படி ஒன்று தேவைப்படும் என்றே தோன்றவில்லை போலிருக்கிறது. மற்ற பதின்மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியாது. ஒருவரை மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் உப்பளத்துக்குப் போனேன். அண்ணி தனியாக, காய்ந்துகொண்டிருந்த பாத்தியின் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று அவர் போனை வாங்கி ஆப்பைத் திறந்து காட்டினேன். இடம்: தரை.

“அட, ஒரு வழியா எங்களக் கரையேத்திட்டியா?” என்று சிரித்தார்.

“அண்ணி, பங்குனில நீங்க ஒரு கம்ப்ளைன்ட் பேசினீங்க இல்ல?”

“ஆமா, பேசினேன். பதிலுகூட வந்துச்சே. எம் மேலதான் தப்புன்னு.”

“அந்தப் பதில அனுப்பினது நாந்தான் அண்ணி. நீங்க பேசினத முழுசாப் படிக்காமலே மூடிட்டேன்.”

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயா?”

“ஆமா அண்ணி. திட்டணும்னா திட்டிடுங்க.”

“உன்னத் திட்டி இன்னா ஆவப்போவுது?” என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “யாரோ பெரிய படிப்பு படிச்சவங்க, ஒக்காந்து ஆராஞ்சி பாத்துட்டு எழுதியிருக்காங்கன்னு நெனச்சிக்கினேன். அதுலேர்ந்து டெய்லி காலைல ரோட்டாண்ட நின்னு, போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, தரைன்னு காட்டினப்புறந்தான் பாத்திக்கு எறங்குவேன். எறங்கி கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மறுபடியும் கடல்னு வரும். நாந்தான் எதையோ தப்பா அமுக்கறேன் போல, நாளைக்கு ஒழுங்கா செய்யலாம்னு நெனச்சிப்பேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அண்ணி.”

“கேட்டா, இதுகூடத் தெரியலியான்னு சிரிப்பியோன்னு கேக்கல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

“மழ வந்த அன்னிக்கு ரொம்ப நேரம் நின்னு, ரெண்டு மூணு தடவ பாத்துட்டுத்தான் எறங்கினேன். இன்னிக்கு நாம கரெக்டா செஞ்சிட்டோம்னு நெனச்சேன். ஒரு ஒம்பது, ஒம்பதரை இருக்கும், தெக்கால கறுத்துக்கினு வந்துச்சி. நான் பாத்தேன் பொண்ணு. எங் கண்ணால பாத்தேன். அவளுங்க ரெண்டு பேரும் தார்ப்பாய இழுக்கலாம் வாக்கான்னு எழுந்துட்டாளுங்க. நாந்தான் ஒக்கார வெச்சேன். ‘இருங்கடி, போன்ல மழன்னு வரல, சும்மா மேகம், போயிடும்’னு சொல்லிட்டேன்.” குரல் உடைந்தது. “அவளுங்க உப்பும் அதுலதான இருந்துச்சி. இன்னி வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல அவளுங்க.”

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இனிமே எங் கண்ணு ஒண்ணு சொல்லி, இந்தப் போனு ஒண்ணு சொன்னா நான் எத நம்பறது? நீயே சொல்லு.”

எல்லாம் சரியாகிவிட்டது, இனிமேல் தைரியமாக இதை நம்பலாம் என்று சொல்லத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

“உங்க கண்ண நம்புங்க அண்ணி” என்றேன்.